சிறிய பள்ளி நூலகத்தில் கோஹா: மூன்று கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏறத்தாழ 6,000 புத்தகம், 700 மாணவர்கள், ஒரே நூலகர், ஒரே கணினி. இந்த அளவுள்ள பள்ளி நூலகத்தில் கோஹா மூன்று கல்வியாண்டு ஓடியதில் எது கைகொடுத்தது, எது இழுத்தடித்தது என்பதைப் பார்ப்போம். கோஹா, நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட சாதாரண மேசைக் கணினி, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஒரு யூபிஎஸ், யூஎஸ்பி ஸ்கேனர் இருந்தால் போதும்.

புத்தகம் கொடுக்கும் வேகம் கூடும் என்று எதிர்பார்த்துத்தான் பலரும் இதில் இறங்குகிறார்கள். கூடத்தான் செய்கிறது, ஆனால் பெரிய லாபம் அங்கே இல்லை. இருப்புச் சரிபார்ப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் புத்தகங்களை வரிசை எண்ணோடு பதிந்து வைக்கும் அக்சஷன் ரிஜிஸ்டரை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அலமாரியில் தேட, ஒரு வாரம் போகும். இப்போது அலமாரி அலமாரியாக ஸ்கேன் செய்து, பார்கோடு எண்களை வரிக்கு ஒன்றாக ஒரு உரைக் கோப்பில் சேர்த்து, இருப்புக் கருவியில் ஏற்றினால் காணாமல் போனவையும் இடம் மாறியவையும் பட்டியலாக வந்துவிடும். ஏற்றும்போது ‘திரும்பப் பெற வேண்டாம்’ என்ற கட்டத்தை டிக் செய்யத் தவறாதீர்கள். தவறினால், மாணவர் பெயரில் இருக்கும் புத்தகம் அலமாரியில் தென்பட்டதும் அவர் கணக்கிலிருந்து ஓசையில்லாமல் கழிந்துவிடும், அது எப்படி அங்கே வந்தது என்று விசாரிக்க வழியிருக்காது.

அடுத்த லாபம் டி.சி. கொடுக்கும் நாளில் தெரியும். பாக்கி உண்டா இல்லையா என்பதை நான்கு ரிஜிஸ்டர் புரட்டாமல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மூன்றாவது, இதுவரை ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்களின் பட்டியல். ஒவ்வொரு பிரதிக்கும் எத்தனை முறை இரவல் போனது என்ற எண்ணிக்கை தரவுத்தளத்திலேயே இருப்பதால், அது வெறுமையாகவோ பூஜ்யமாகவோ உள்ளவற்றை ஒரு சிறிய அறிக்கை எடுத்துக் கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு என்ன வாங்குவது என்பதற்கு இதைவிட நேர்மையான ஆதாரம் கிடையாது.

இத்தனையும், புத்தக விவரங்களைக் கோஹாவில் ஏற்றும் வேலை ஒழுங்காக நடந்தால்தான். இரண்டு பேர் உட்கார்ந்தால் நாளைக்கு 75 புத்தகம் என்று கணக்கு வையுங்கள். 6,000க்கு 80 வேலை நாள். ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேசத் தர எண்) கொடுத்து வெளி நூலகங்களிலிருந்து பதிவை இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு அது உதவாது. பழைய பதிப்புகளில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பதிவு கிடைத்தாலும் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை தமிழில் தேடினால் எதுவும் வராது. ஆகவே தமிழ்ப் புத்தகங்களைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

ஏற்கெனவே எக்செல் பட்டியல் இருந்தால் மார்க்எடிட் என்ற நிரல் வழியாக நூலகப் பதிவு வடிவத்துக்கு (மார்க்) மாற்றி ஏற்றலாம். பார்கோடு 952ஆம் புலத்தின் ‘p’ துணைப்புலத்துக்குப் போக வேண்டும். எக்செல் இங்கே மூன்று வகையில் கெடுக்கும்: 00123 என்ற எண்ணை 123 ஆக்கும், ஐஎஸ்பிஎன்னை 9.78E+12 என்று சுருக்கிவிடும், சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும். நெடுவரிசைகளை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள், யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருப்பவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொடுங்கள். ஒரே நூலின் முப்பது பிரதிகளை முப்பது தனி நூலாக ஏற்றிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பதிவு, அதன் கீழ் முப்பது பிரதி என்பதுதான் முறை.

தமிழ்த் தேடலில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. ‘ஔவையார்’ என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வரும். மீதியைப் பதிந்தவர் ‘ஒ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருப்பார்: ‘ஒளவையார்’. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொல். ‘கௌ’, ‘மௌ’ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆசிரியர் பெயரும் அப்படியே. உ.வே.சாமிநாதையர், சாமிநாத ஐயர் உ.வே., உ.வே.சா. என்று மூன்றாகப் பதிந்தால் அவர் மூன்று ஆசிரியராகிவிடுவார். பதிவு தொடங்கும் முன்பே ஒரு பெயர்ப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தேடல் அட்டவணையான ஜீப்ராவையும் இயல்பமைப்பிலிருந்து, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றினால்தான் தமிழ்ச் சொற்கள் ஒழுங்காகப் பிரியும்.

பார்கோடில் எழுத்தே வேண்டாம், எண் மட்டும் போதும். ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு விசைப்பலகை. தமிழ்99 விசைப்பலகை முறை இயக்கத்தில் இருக்கும்போது எழுத்துள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் அந்த எழுத்துகள் தமிழாக விழும், புத்தகம் கிடைக்கவில்லை என்று செய்தி வரும். ஸ்கேனர் பழுது என்று நினைத்து மாற்றத் தோன்றும். லேபிளை லேசர் அச்சில் எடுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கலையும். பளபள செலோடேப் ஒட்டினால் ஒளி பட்டுத் தெறித்து ஸ்கேன் பிடிக்காது, இரண்டு கோடையில் மஞ்சளாகவும் ஆகும். பின்னட்டையின் உட்புறம் நல்ல இடம். அக்சஷன் எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பேனாவால் எழுதியும் வையுங்கள், லேபிள் உரிந்தால் அதுதான் காப்பாற்றும்.

மாணவர் அட்டைக்குச் சேர்க்கை எண்ணை வையுங்கள், வகுப்பு வரிசை எண் ஜூனில் மாறிவிடும். வகுப்பு, பிரிவு இரண்டையும் தனிப் புலத்தில் வைத்தால் ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுத் தேர்வுக்கு முன் எல்லாப் புத்தகமும் திரும்ப வேண்டுமென்றால், இரவல் விதியில் இறுதித் தேதி ஒன்றை நிலையாகப் பொருத்த இடம் இருக்கிறது. மார்ச் மாதம் கொடுத்தாலும் அந்தத் தேதியைத் தாண்டாது.

மின்தடையில் ஜீப்ரா அட்டவணை சேதமாகலாம். அடையாளம் எளிது: தேடினால் புத்தகம் இல்லை என்று வரும், பார்கோடு காட்டினால் இரவல் மட்டும் ஒழுங்காகப் போகும். தரவு போய்விட்டதோ என்று பதற வேண்டாம். அட்டவணையை முழுதாக மறுகட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அது வெளியே தெரியாது. கோஹாவின் தினசரிப் பணிகளில் காப்பு (பேக்கப்) எடுப்பதும் ஒன்று. டெபியன் அவற்றை இயல்பாகக் காலை 6.25க்கு ஓட்டும். பள்ளிக் கணினியை மாலையில் அணைத்து ஒன்பது மணிக்குத்தான் போடுகிறோம். அப்போது தாமதக் கணக்கும் ஓடாது, காப்பும் எடுக்கப்படாது. எந்தப் பிழைச் செய்தியும் வராததால் மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருக்கும். அனாக்ரான் என்ற சிறு நிரலை நிறுவினால் கணினியைப் போட்டதும் விட்டுப்போன வேலை ஓடிவிடும். அப்படியும் கோஹா இயல்பாக இரண்டு நாள் காப்பையே வைத்திருக்கும். திங்களன்று செய்த தவறு வெள்ளியன்று தெரிந்தால் தவறுக்கு முந்தைய காப்புப் படி இருக்காது. நாள் எண்ணிக்கையை 30 ஆக்கி, வெள்ளிதோறும் பென்டிரைவில் ஒரு படி எடுங்கள். ஒரு பருவத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படியை வேறொரு கணினியில் ஏற்றி, புத்தக எண்ணிக்கையும் மாணவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.