மூச்சிரைக்கும் குழந்தையும் கொரோனாக் காலமும்: தொலைபேசியா, கிளினிக்கா, பெரிய மருத்துவமனையா?

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, வீசிங் தொந்தரவு உள்ள குழந்தைகளை வைத்திருந்த பெற்றோருக்கு இரண்டு கவலைகள் ஒருசேர வந்தன. இந்த இருமலும் இளைப்பும் கொரோனாவாக இருக்குமோ என்பது ஒன்று. இல்லையென்றாலும் காட்டப் போகும் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்துவிடுமோ என்பது மற்றொன்று. அந்த ஆண்டிலும் 2021 கோடையிலும் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குக் கைக்கெட்டிய வழிகள் சிலவே: பழக்கமான குழந்தைகள் டாக்டருக்குத் தொலைபேசியில் பேசலாம், அரசின் வீடியோ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் காட்டலாம், திறந்திருந்தால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகலாம், 108ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனைக்கு விரையலாம். இவற்றில் எது மேல் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. குழந்தை எவ்வளவு சிரமப்பட்டு மூச்சு விடுகிறது என்பதைப் பொறுத்தே வரிசை மாறும்.

அதை வீட்டிலேயே ஓரளவு கணிக்க முடியும். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையிலோ கழுத்துக் குழியிலோ தோல் உள்ளே இழுபடுவது, பால் குடிக்கவோ ஒரு வாக்கியத்தை முடிக்கவோ முடியாமல் திணறுவது, உதடு நீலம் பூப்பது, கூப்பிட்டால் மந்தமாகத் திரும்பிப் பார்ப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தொலைபேசி ஆலோசனை வழிகள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகின்றன; உடனே மருத்துவமனைதான். விசில் சத்தம் நின்றுவிட்டதே என்று ஆறுதல் அடைவதும் ஆபத்து. காற்றே போகாத நெஞ்சிலும் சத்தம் இருக்காது.

அந்த அளவுக்கு மோசமில்லாதபோது தொலைபேசியா, இ-சஞ்சீவனியா? தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 தேதியிட்டு வெளியாயின. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் சிறுவர்களுக்கும் ஆலோசனை தரலாம் என்று அவை அனுமதித்தன. ஏப்ரலில் வந்த இ-சஞ்சீவனி கட்டணமில்லாதது. டாக்டர் யாரையும் தெரியாத குடும்பத்துக்கும் பதிவு செய்ய மொபைல் எண் ஒன்றே போதுமானதாக இருந்தது. மருந்துச் சீட்டும் மொபைலுக்கே வந்துவிடும். ஆனால் திரையில் வரும் மருத்துவருக்கு அந்தக் குழந்தை புதிது. போன மழைக்காலத்தில் ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்ததா, எந்த இன்ஹேலருக்குக் கேட்டது, எடை எவ்வளவு என்பதையெல்லாம் பதற்றத்தில் இருக்கும் தாயோ பாட்டியோ சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும். பழக்கமான டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் முப்பது விநாடி வீடியோ ஒன்றை, நல்ல வெளிச்சத்தில் நெஞ்சும் வயிறும் தெரிய எடுத்து அனுப்பினால், இந்தக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. ஆகவே வீசிங் என்ற ஒரு தொந்தரவைப் பொறுத்தவரை என் தேர்வு தெரிந்த டாக்டரின் எண்ணே. அவர் எடுக்காதபோது இ-சஞ்சீவனி. இரண்டுக்கும் பொதுவான குறை, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க முடியாது என்பது. அந்த நாட்களில் அடித்துப் பிடித்து வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் பெரியவர் விரலுக்குச் செய்தது; இரண்டு வயதுப் பிஞ்சு விரலில் அது நிற்காமல் வழுக்கும்போது காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

பக்கத்துக் கிளினிக்குகளில் பல மூடிக் கிடந்தன. திறந்திருந்தவற்றிலும் நெபுலைசர் வைக்கத் தயங்கினார்கள்; அது மருந்தைப் புகைபோலப் பரப்புவதால், தொற்று இருக்கும் குழந்தையின் மூச்சும் அதனோடு கலந்து அறை முழுக்கப் பரவக்கூடும் என்ற அச்சமே காரணம். ‘நெபுலைஸ் பண்ணினால்தான் அடங்கும்’ என்று பழகியிருந்த பெற்றோருக்கு இது கைவிடப்பட்டதுபோல இருந்தது. உண்மையில் அவர்களுக்கு நல்ல மாற்று ஒன்று இருந்தது. கொரோனா வருவதற்கு வெகு காலம் முன்பே ஆய்வுகள் பரிந்துரைத்த மாற்று அது.

உயிருக்கு ஆபத்தில்லாத இளைப்புக்கு, ஸ்பேசர் (மருந்தைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் குடுவை) பொருத்திய இன்ஹேலர் வழியாகத் தரும், மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு காட்டியிருக்கிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நேரமும், மருந்தால் ஏறும் நாடித்துடிப்பும் ஸ்பேசரில் குறைவு. நெபுலைசருக்கு மின்சாரமும் சுமார் பத்து நிமிடமும் வேண்டும், கப்பையும் குழாயையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஸ்பேசர் சில நூறு ரூபாயில் முடிகிறது, பைக்குள் அடங்குகிறது. கிடைக்காத ஊரில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடுக்கில் காற்றுப் போகாமல் அடைத்துப் பயன்படுத்தினாலும் அது கடையில் விற்பதற்கு இணையாக வேலை செய்ததைத் தென் ஆப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் நிறுவினார்கள். பலன் கிடைப்பது கைப்பக்குவத்தில் இருக்கிறது. இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரோடு வரும் முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, ஒரு பஃப் அடித்து, குழந்தை ஐந்தாறு முறை மூச்சு இழுத்த பிறகே அடுத்த பஃப். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர விட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைப் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டவைத்துவிடும். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு உலக ஆஸ்துமா அமைப்பான ஜீனா சொல்லும் வீட்டு எல்லையும் தெளிவானது: இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பஃபுக்கு மேல் தேவைப்பட்டால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. நெபுலைசருக்கு இன்றும் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் கடுமையான நிலையில், ஆக்சிஜனோடு சேர்த்து, மருத்துவமனையில்.

ஆவி பிடித்தலை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மனமில்லை. 2021 மே மாதத்தில் பொது இடங்களில்கூட அதற்கு ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதால் மட்டும் சொல்கிறேன்: சுருங்கிய மூச்சுக் குழாயை அது விரிக்காது, கொதிநீர் கவிழ்ந்தால் குழந்தை வெந்துபோகும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று பயந்து தினசரி மருந்தை நிறுத்துவதும் இதே ரகம். நிறுத்த வேண்டாம் என்றே ஜீனாவும் அறிவுறுத்தியது.

மருத்துவமனை என்று முடிவானபின் 108ஆ, சொந்த ஏற்பாடா? 108இல் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு, கட்டணமில்லை. ஆனால் 2021 மே மாதத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்களில், அடுத்த அழைப்புக்கு வண்டி எப்போது விடுபடும் என்பது யாருக்கும் தெரியாது. வண்டி வரத் தாமதமாகும் என்று பதில் வந்தால் ஆட்டோவோ காரோ மேல். இரு சக்கர வாகனம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும், ஏனெனில் போகும் வழியில் மடியில் வைத்து பஃப் கொடுக்க அதில் இயலாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை எந்நேரமும் உண்டு. குழந்தைகளின் மூச்சுத் திணறலைப் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன, காசும் கேட்பதில்லை. கூட்டம்தான் குறை. தனியார் மருத்துவமனையில் கூட்டம் குறைவு, தனி அறை கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்தில் கொரோனாவுக்கான சளிப் பரிசோதனை முடிவும் முன்பணமும் பல இடங்களில் சிகிச்சைக்கு முன்னால் வந்து நின்றன, பாதுகாப்பு உடைக்கான செலவும் பில்லில் ஏறியது. வெளி மாவட்டங்களில் இருந்தவர்களில் சிலர் இ-பாஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்கே வர நினைத்தார்கள். கடுமையான வீசிங்குக்கு முதல் மணி நேரத்தில் தேவைப்படுபவை ஆக்சிஜன், சால்பியூட்டமால், அதோடு சேர்த்து மூச்சுக் குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம், ஸ்டீராய்டு. இவற்றுக்காக மூன்று மாவட்டம் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்து அரசு தலைமை மருத்துவமனையில் இவற்றைத் தொடங்கிய பிறகு, தேவையென்றால் அங்கிருந்தே ஆக்சிஜனோடு மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.