ஒரே மரத்தில் தொங்கிய இரண்டு கம்பெனி கேபிள்: ஆபீசுக்கு எந்த நெட்?

எங்கள் ஆபீஸ் பெங்களூர் அல்சூரில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. ஒன்பது பேர். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற வேலை. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டுகிற ரிட்டர்ன்) போடக் கடைசி நாள். இந்த இரண்டு நாளும் நெட் இருந்தால் போதும், மற்ற நாளில் போனால் டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஆபீஸ் பசங்க சொல்வார்கள்.

அப்படி ஒரு 20-ம் தேதி மதியம்தான் நெட் போனது. நான் பதறவில்லை. இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கி வைத்த கெட்டிக்காரன் ஆயிற்றே. பார்த்தால் இரண்டு பெட்டியிலும் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறது, அதாவது சிக்னலே வரவில்லை. கீழே இறங்கிப் போனேன். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை வெட்டியிருக்கிறார்கள். கிளையோடு சேர்ந்து கேபிள் கொத்தும் ரோட்டில் கிடந்தது. என்னுடைய இரண்டு லைனும் ஒரே கம்பத்திலிருந்து அதே மரம் வழியாகத்தான் வந்திருக்கின்றன. அன்று மிச்ச ரிட்டர்னை எல்லாம் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டு முடித்தோம். ஒரு நாள் தாமதமானாலும் ரிட்டர்னுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், வட்டி தனி. அதற்கப்புறம்தான் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 100 எம்பிபிஎஸ் இன்று எல்லாரும் தருகிறார்கள், டாலி கணக்கு சாஃப்ட்வேரும் ஜிஎஸ்டி போர்ட்டலும் பார்க்கிற ஒன்பது பேருக்கு அது தாராளம். அறுந்தால் யார் வந்து, எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் ஏர்டெல், ஜியோ, பிஎஸ்என்எல் மாதிரி பெரிய கம்பெனிகளின் ஃபைபர் பிராட்பேண்ட். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிற ஒரு இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 இணைப்பாகப் பிரிப்பார்கள். ஜிபான் என்கிற இந்தப் பங்கு முறையில் அந்த ஒரு இழையின் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதைத்தான் அக்கம்பக்கத்தோடு பங்கு போடுகிறோம். இதில் நல்ல விஷயம், வழியில் எங்கேயும் கரண்ட் தேவையில்லை. நம்மிடம் யுபிஎஸ் இருந்தால் தெருவே இருண்டாலும் நெட் ஓடும். குறை, அறுந்தால் கஸ்டமர் கேர், டிக்கெட் நம்பர், காத்திருப்பு.

ஏரியா கேபிள்காரர் இதற்கு நேர் எதிர். அவர் நம்பர் நம் போனில் இருக்கும். "அண்ணா, ஏணி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அரை மணியில் வந்து நிற்பார். ஆனால் சில இடங்களில் ஃபைபர் பக்கத்துக் கட்டடம் வரைதான் வரும். அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து நமக்கு லேன் வயர். அந்தக் கட்டடத்தில் கரண்ட் போனால் நம் நெட்டும் காலி, நம் யுபிஎஸ் எத்தனை பெரிதாக இருந்தாலும் பயனில்லை. அதனால் ஆபீசுக்குள் வருவது மெல்லிய ஃபைபரா, தடித்த லேன் வயரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

லீஸ்டு லைன், அதாவது நமக்கென்றே தனியாக வாடகைக்கு எடுக்கிற லைன், வேறு ஜாதி. யாரோடும் பங்கில்லை, அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம், நிலையான ஐபி (நெட்டில் நம் மாறாத விலாசம்), மாதத்தில் இத்தனை சதவீத நேரம் லைன் ஓடும் என்று எழுத்தில் உத்தரவாதம். உத்தரவாதத்தை மட்டும் கணக்குப் போட்டுப் படியுங்கள். 99.5 சதவீதம் என்றால் மாதம் 3.6 மணி நேரம் நெட் இல்லாமல் போகலாம் என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். 99.9 என்றால் அது 43 நிமிடம். மீறினால் வாடகையில் கழிப்பார்கள், நம் வியாபார நஷ்டம் நம்மோடுதான். வாடகையோ பிராட்பேண்டைப் போலப் பல மடங்கு. நாற்பது பேர் உட்கார்ந்து போன் பேசுகிற கால் சென்டருக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கடைசியாக ஏர்ஃபைபர், தெருவில் வயர் இழுக்காமல் காற்றில் வருகிற நெட். ஜியோ இதை 2023 செப்டம்பர் 19-ல் எட்டு நகரங்களில் தொடங்கியபோதே பெங்களூரும் அதில் இருந்தது. மொட்டைமாடிப் பெட்டி 5ஜி சிக்னலை வாங்கிக் கீழே தரும். மாலையில் டவரில் கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையலாம். வெளியிலிருந்து நம்மைத் தேடி வரக்கூடிய பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது, அதனால் ஆபீஸ் சர்வரை வீட்டிலிருந்து நேராகத் தொட முடியாது. இதை மட்டுமே நம்பி ஆபீஸ் நடத்த மாட்டேன். இரண்டாவது லைனுக்கு இதைவிட நல்லது இல்லை, தெருமுனை மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதே.

டெலிபோனையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 080 என்று தொடங்குகிற பெங்களூர் லேண்ட்லைன் நம்பர் இப்போது ஃபைபர் பெட்டியிலிருந்தே வருகிறது. பழைய செம்புக் கம்பி காலத்தில் எக்ஸ்சேஞ்சே கரண்டும் கொடுத்தது, கரண்ட் போனாலும் மணி அடிக்கும். இப்போது நெட் செத்தால் போனும் சாகும். செல் நம்பரைக் கம்பெனி மாற்றிக்கொள்ளும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது, லேண்ட்லைனுக்கு அது இல்லை. போர்டில் எழுதப்போகிற நம்பரை, விட்டுப் போக நினைக்காத கம்பெனியிடம் வாங்குங்கள்.

பில் எந்தப் பெயரில் வருகிறது என்றும் பாருங்கள். பில்லில் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள ஆபீஸ் ஜிஎஸ்டி நம்பர் பில்லில் இருக்க வேண்டும். கணக்கு ஆபீஸ் நடத்துகிற நானே இரண்டு வருடம் என் சொந்தப் பெயரில் வீட்டு பிளான் போட்டு அதை விட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது எங்களிடம் ஒரு ஃபைபர், ஒரு ஏர்ஃபைபர், நடுவில் ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தானாகத் தாவுகிற, இரண்டு லைன் செருகக்கூடிய ரவுட்டர். மாதாமாதம் 10-ம் தேதி காலையில் யாராவது ஒருவர் ஃபைபரைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும். போன மாதம் பிடுங்கியபோது தாவவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், மொட்டைமாடி அறையில் ஏர்ஃபைபர் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கார அம்மா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்.