நாற்பதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் பைக் பிரியருக்கு எது தோது?

வயதாகிவிட்டால் ஸ்போர்ட்ஸ் பைக்கை விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆஸ்திரேலியப் பந்தய வீரர் ட்ராய் பெய்லிஸ் 2015இல், 45 வயதில், சூப்பர்பைக் உலக சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்து ஓட்டினார். ஆனால் பந்தயத் தடத்தில் யாரும் ஒரே நிலையில் உட்கார்ந்திருப்பதில்லை. வளைவுக்கு வளைவு உடம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். சாலையில் அப்படியா? மணிக்கணக்கில் ஒரே மடக்கு. அதனால் எத்தனை வயது என்பதைவிட, எந்த மூட்டு முதலில் முனகுகிறது என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

மணிக்கட்டுதான் பிரச்சினை என்றால் பழைய வண்டியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். சூப்பர்ஸ்போர்ட் வண்டியின், அதாவது பந்தய பாணி சாலை பைக்கின், கிளிப்-ஆன் ஹேண்டில்பார் (முன்ஃபோர்க்கில் இரு பக்கமும் தனித்தனியாக மாட்டும் கைப்பிடிகள்) தாழ்வாக இருக்கும். வேகமாகப் போகும்போது நெஞ்சில் மோதும் காற்று மேலுடம்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்; நெரிசலில் ஊரும்போது அந்தப் பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளியோரத்தில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கட்டைவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவே போவது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்குவது. செலவே இல்லை. அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) நீளம் போதாமல் போகலாம். மாட்டியதும் இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஃபேரிங்கில் (வண்டியை மூடும் முன் உறையில்) இடிக்கிறதா என்று பார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள்.

முழங்கால் வலிக்கு, கால் வைக்கும் ஃபுட்பெக்கைத் தாழ்த்தினால் ஓரளவு கேட்கும். முழுசாகக் கேட்காது.

அடுத்து நேக்கட் பைக், அதாவது ஃபேரிங் இல்லாத வண்டி. யமஹா எம்டி-10, அதே நிறுவனத்தின் சூப்பர்ஸ்போர்ட் வண்டியான ஆர்1இன் எஞ்சினிலிருந்து பிறந்தது. குணம் கிட்டத்தட்ட அதேதான், கை மட்டும் மேலே வந்துவிடுகிறது. ஊருக்குள்ளும் ஒரு மணி நேர மலைப்பாதைக்கும் இதை அடிக்க ஆளில்லை. நெடுஞ்சாலையில் கதை வேறு. 120 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நெஞ்சு காற்றை வாங்கும், கை ஹேண்டில்பாரைத் தொங்கிப் பிடிக்கும், வலி மணிக்கட்டிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் குடிபெயரும். நேக்கட் என்றாலே சொகுசு என்று நம்பி மாறுபவர்கள் கவனிக்க.

தூரப் பயணம்தான் பிரதானம் என்றால் என் ஓட்டு ஸ்போர்ட் டூரருக்கு, அதாவது தூரப் பயணத்துக்கென்று அமைத்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடியின் எஞ்சின் 2005 சூப்பர்ஸ்போர்ட் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000இன் எஞ்சினுக்கு வாரிசு. சீட் உயரம் 810 மி.மீ.; ஆர்1க்கு 855. கண்ணாடித் தடுப்பு காற்றைப் பார்த்துக்கொள்ளும், உயரமான ஹேண்டில்பார் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளும். குறை என்றால் எடைதான்: 226 கிலோ. ஓட்டும்போது தெரியாது, சரிவான இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளும்போது இடுப்புக்குத் தெரியும்.

பிஎம்டபிள்யூ எஸ்1000எக்ஸ்ஆர் போன்ற உயர வண்டிகளில் முழங்கால் நன்றாக நீளும். ஆனால் 840-850 மி.மீ. சீட்டுக்கு மேல், பின்பெட்டியையும் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். இடுப்பு மூட்டு இறுகியவருக்கு அதுவே பெரிய வேலை.

பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று கண். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து ஓட்டினால், ஃபிரேமின் மேல்விளிம்பு சாலையை மறைக்கும். கழுத்தை இன்னும் நிமிர்த்துவீர்கள், வலி கூடும். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

விற்பனையகத்தில் கிடைக்கும் பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா வண்டியும் சொகுசாகத்தான் இருக்கும். வலி அரை மணிக்கு அப்புறம்தான் வரும். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்து, நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.