7 ஆண்டுகளாகச் சுகர் மெஷினும் நோட்டும்: கீழக்கரையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையின் அளவைப் பார்க்கும் சுகர் மெஷின் எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இடம்பிடித்தது 2018 ஆம் ஆண்டில். வெறும் வயிற்றில் 212, மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.4 என்று பரிசோதனைத் தாள் காட்டியபோது எனக்கு வயது 47. மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவர், வீட்டிலேயே அளவு பார்த்து ஒரு நோட்டில் குறித்து வரும்படி சொன்னார். அதன்பின் இரண்டு கருவிகளும் ஐந்து நோட்டுகளும் மாறிவிட்டன.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் மிகவும் ஒழுங்காக இருந்ததாகவே நம்பினேன். தினமும் அதிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் விரலில் குத்திப் பார்ப்பேன்; 112, 118, 124 என்று வரும்; மனநிறைவோடு எழுதி வைப்பேன். ஆனால் 2020 இல் எடுத்த ஹெச்பிஏ1சி 8.6 என்று வந்தது. அது இரத்தச் சிவப்பணுக்களில் இரண்டு மூன்று மாதங்களாகப் படிந்த சர்க்கரையைக் கணக்கிடுவது என்பதையும், 8.6 என்றால் சராசரி ஏறக்குறைய 200 என்பதையும் விளக்கிய மருத்துவர், என் நோட்டைப் புரட்டிவிட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாளாவது பார்த்தீர்களா அம்மா?" என்று கேட்டார். ஒரு நாள்கூடப் பார்த்திருக்கவில்லை. நல்ல எண் வரும் என்று தெரிந்த நேரத்தில் மட்டும் பார்த்து வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து முறையை மாற்றினேன். ஒரு வாரம் முழுவதும் காலை உணவைப் பிடித்துக்கொண்டேன்: சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அடுத்த வாரம் மதிய உணவு, அதற்கடுத்த வாரம் இரவு. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 180 க்குள் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு. நான்கு இடியப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்ட நாளில் 247. இரண்டு இடியப்பத்தோடு அவித்த முட்டையும் முதல் நாள் மீன் ஆணமும் (குழம்பும்) வைத்துக்கொண்ட நாளில் 171. எந்த அறிவுரையும் இந்த இரண்டு எண்களைப் போல என்னை மாற்றியதில்லை. கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று எங்கள் ஊரில் பலரும் உறுதியாகச் சொல்வார்கள். பனைமரம் சூழ்ந்த மாவட்டத்தில் அந்த நம்பிக்கை எளிதில் போகாது. நானும் நம்பித்தான் காப்பியில் போட்டுக் குடித்து வந்தேன். அளந்து பார்த்தபோது, வெள்ளைச் சர்க்கரை போட்ட நாளுக்கும் கருப்பட்டி போட்ட நாளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. இரண்டிலும் பெரும்பகுதி ஒரே சர்க்கரைதானே.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியது, இரத்தத் துளியை வைக்கும் அதன் ஸ்ட்ரிப்பைப் பற்றியதுதான். அதில் பூசப்பட்டுள்ள நொதி இரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் உண்டாகும் சிறு மின்னோட்டத்தையே கருவி அளக்கிறது. வெப்பமும் ஈரமும் அந்த நொதியைக் கெடுத்துவிடும். கடற்காற்றில் உப்பே நீர்த்துப்போகும் எங்கள் ஊரில் டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை 50 ஸ்ட்ரிப்புகளை வீணாக்கிக் கற்றுக்கொண்டேன். ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு. வெளியே எடுத்ததும் பனித்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத உள் அறையில், அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கிறேன்.

இன்னொரு நாள் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி இறக்கிய கையோடு பார்த்தபோது 318 என்று காட்டியது. பதறிப்போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் குத்தினேன், 149. விரலில் ஒட்டியிருந்த இனிப்புத்தான் இரத்தத் துளியோடு கலந்து அப்படிக் காட்டியிருக்கிறது. பழம் நறுக்கிய கைக்கும் இது பொருந்தும். அந்த 318 ஐ நம்பி நான் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நடுக்கமாக இருக்கிறது. சரியாக இயங்கும் கருவியும் ஆய்வகத்தோடு 15 விழுக்காடு வரை வேறுபடலாம் என்பதால், 160 க்கும் 172 க்கும் இடையே உள்ள வேறுபாட்டை நினைத்து இப்போது வருந்துவதில்லை.

நோன்புக் காலத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி அந்த மாதம் முழுவதும் கருவியைத் தொடாதவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். முறியாது என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியிருந்தும், முதல் சில ஆண்டுகள் நானும் தயங்கினேன். 2022 ஏப்ரலில், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன் கை நடுங்கி, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. வெயிலின் களைப்பு என்று படுத்துவிடத்தான் நினைத்தேன். மகள் வற்புறுத்திப் பார்த்தாள், 64. எழுபதுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. 300 க்கு மேல் போனாலும் அப்படியே. மூன்று கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 93. அழுதுகொண்டுதான் குடித்தேன். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்று உம்மா என் தலையைத் தடவிச் சொன்ன பிறகுதான் ஆறுதல் வந்தது. அந்த ஒரு நோன்பைப் பின்னர் வேறொரு நாளில் நோற்றுக் களாச் செய்தேன். இப்போது நோன்புக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்கிறேன். பள்ளிவாசல் கஞ்சியை ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகன் கைப்பேசிச் செயலி ஒன்றை ஏற்றித் தந்தான். கைப்பேசியை மாற்றியபோது எட்டு மாதக் குறிப்புகள் போய்விட்டன. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கும் 14 நாள் சென்சாரையும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அது காட்டியது பெரிய உதவி. ஆனால் மே மாத வியர்வையில் ஒன்பதாம் நாளே கழன்றுவிட்டது.

செலவு உண்மையிலேயே பாரம்தான். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. தினசரி அளவு பார்க்கும் ஸ்ட்ரிப்பை மட்டும் அவரும் என்னைப் போலக் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார். ஆகவே தினமும் காலையில் ஒன்று என்ற பழக்கத்தை விட்டு, வாரத்துக்கு ஏழு ஸ்ட்ரிப்புகளை ஐயமுள்ள வேளைகளுக்கென ஒதுக்குகிறேன்: விருந்துக்குப் பின், காய்ச்சல் கண்ட நாளில், மாத்திரை மாறிய வாரத்தில். போன மாத ஹெச்பிஏ1சி 7.1. இந்த வாரம் ராத்தாவும் நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். காலை உணவிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.