ஒரு கையெழுத்துக்காகப் படமாகிப்போன ஆய்வேடுகள்

முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் என்னைப் போலவே பார்வையற்றவன். போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, நம் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் காப்பகத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றிவிட்டார்களாமே, அதை நம்பித் தலைப்பு எடுக்கலாமா?” பழைய தளத்தோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன், புதிய தளத்திலும் ஆண்டுக்கணக்கில் உலவியிருக்கிறேன். அவனிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய தளத்தின் தேடல் பக்கத்தில் எந்தப் பெட்டிக்கும் பெயர் கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் ஒவ்வொன்றின் மீதும் வந்து நின்று “எடிட், எடிட், எடிட்” என்று மட்டும் சொல்லும். ஆசிரியர் பெயரை எதில் இடுவது, ஆண்டை எதில் இடுவது என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழைய நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ச்சா வேறு. இன்று அந்தத் தொல்லைகள் இல்லை. 2006இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடுதான் நான் வேலை செய்கிறேன். எச் விசையைத் தட்டினால் அடுத்த ஆய்வேட்டின் பெயர், மீண்டும் தட்டினால் அதற்கடுத்தது. தேடல் முடிவுகளில் பார்வையுள்ளவர்களுக்குச் சமமான வேகத்தில் நகர முடிகிறது.

கை நடுக்கம் உள்ள என் தோழிக்கும் நிம்மதி. இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்காக 2023இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டுதல், சொடுக்கும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. இங்கே பொத்தான்கள் அதைவிடப் பெரியவை. உள்நுழைவு காலாவதியாகும் முன் எச்சரித்து, நேரத்தை நீட்டித்துக்கொள்ளவும் வழி கொடுக்கிறார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் சிரத்தையோடு செய்திருக்கிறார்கள்.

ஆனால் காப்பகத்துக்குப் போவது ஆய்வேட்டைப் படிக்க. பதிவிறக்கிய பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் எனக்குக் கிடைப்பது, இது ஸ்கேன் செய்யப்பட்ட பக்கம், இதில் எழுத்து இல்லை என்ற எச்சரிக்கைதான். முந்நூறு பக்கமும் படம். கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாலும் குரல் வராது.

தட்டச்சுப் பொறிக் காலத்து ஆய்வேடு என்றால் பொறுத்துக்கொள்வேன். என் கோபம் சமீபத்திய ஆய்வேடுகளைப் பற்றியது. அவை கணினியில் எழுதப்பட்டவை. மாணவரிடம் வேர்ட் கோப்பு இருக்கிறது. அதில் இயல் தலைப்புகள், அட்டவணைகள், அடிக்குறிப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பிறகு எப்படிப் படமாகிறது? முன்பக்கத்தில் நெறியாளரின் சான்றிதழும் மாணவரின் உறுதிமொழியும் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது விதி. எனவே முழு ஏட்டையும் அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, பைண்டிங் செய்து, அந்த ஏட்டை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து பதிவேற்றுகிறார்கள். இரண்டு பக்கக் கையெழுத்துக்காக மிச்சமுள்ள அத்தனை பக்கமும் எழுத்தை இழக்கின்றன.

கையெழுத்து கேட்பதில் தவறில்லை. போலி ஆய்வேடு நுழைந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. கையெழுத்திட்ட பக்கங்களைத் தனிக் கோப்பாக வாங்கிக்கொண்டு, ஏட்டை வேர்டிலிருந்து நேரே சேமித்துத் தரச் சொன்னால் எதுவும் குறைந்துவிடாது. நேரே சேமிப்பது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘அச்சிடு’ வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் எழுத்து தங்கும், அமைப்பு போய்விடும். எது தலைப்பு, எது அட்டவணை, எது பக்கத்தின் மேலே திரும்பத் திரும்ப வரும் வரி என்பதைச் சொல்லும் குறியீடுகள் உதிர்ந்துவிடும். அப்புறம் ஒரு வாக்கியம் பக்கம் தாண்டும்போது நடுவில் “இயல் மூன்று, நூற்று நாற்பத்தேழு” என்று பக்கத் தலைப்பும் எண்ணும் புகுந்துகொள்ளும். ‘சேமி’ வழியாக, அணுகல்தன்மைக்கான குறியீடுகளையும் சேர்க்கும் தேர்வோடு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்த வசதி பிடிஎஃப் வடிவத்துக்கு 2001லேயே வந்துவிட்டது. அணுகத்தக்க பிடிஎஃப் எப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 14289 என்ற பன்னாட்டுத் தரம் 2012இல் வரையறுத்தும் விட்டது. தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். போட்டுக்கொள்கிறேன். 2005இல் திறமூலமாக்கப்பட்ட டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் படிக்கும். ஆனால் ‘ர’ எழுத்தும் துணைக்காலும் அச்சில் ஏறக்குறைய ஒரே உருவம். ‘காரணம்’ என் காதில் ‘கரரணம்’ என்று விழும். நாவல் படிக்கும்போது அதைத் தாண்டிப் போய்விடலாம். ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட வேண்டும்; எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தாக வேண்டும். அட்டவணை என்றால் எண்களெல்லாம் ஒரே வரிசையாகக் கொட்டும், எந்த எண் எந்தப் பத்திக்குரியது என்று தெரியாது. சரிபார்க்கப் பார்வையுள்ள ஒருவரை அழைக்க வேண்டும். அவரை நான் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்?

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு கேடு உண்டு. எழுத்து இருக்கும், ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்கு அது ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பானை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்கிறது. முழுப் பக்கமும் அப்படித்தான். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, ஆங்கில மேற்கோள்களைத் தனியே பிரித்து, பக்கம் பக்கமாக மாற்றுவதற்குள் பொழுது போய்விடும். காப்பகத்தின் தேடலிலும் இந்த ஆய்வேடுகளின் உள்ளடக்கம் சிக்காது. பார்வையுள்ளவர்களும் இழக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரிவதில்லை.

எழுத்து இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். விதை முளைப்பு பற்றிய ஓர் ஆய்வேட்டை வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகத் திறந்தேன். வரைபடத்தின் மீது வந்ததும் குரல் சொன்னது: “உப்பின் அளவு கூடக் கூட மூன்று ரகங்களிலும் முளைப்பு குறைகிறது, இரண்டாம் ரகத்தில் மட்டும் கோடு மெதுவாக இறங்குகிறது.” என் துறையே அல்ல. ஆனாலும் உட்கார்ந்து அந்த இயல் முழுவதையும் கேட்டேன். ஒரு வரைபடத்தை யாருடைய துணையும் இல்லாமல் புரிந்துகொண்ட சந்தோஷம் அது. அந்த மாணவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

புதிய தளத்தில் ‘அணுகத்தக்க படி கோருக’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதன் மறுமுனையில் இருக்கும் நூலகரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எழுத்துணரியில் எடுத்து, தானே பிழை திருத்தி, இயல் இயலாக அனுப்புகிறார். ஆனால் அவர் ஒருவர்தான். ஒருமுறை மேலிடத்தில், ஆசிரியரின் அனுமதி இல்லாமல் படி எடுக்கக் கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். 2013இல் உருவாகி 2016 முதல் நடைமுறையில் இருக்கும் மராகேஷ் உடன்படிக்கை, அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக இப்படிப் படியெடுக்க உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்ற சட்ட விலக்கை உறுப்பு நாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. இதை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு அனுப்பினார்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு இதை மாணவி வந்து சொல்ல வேண்டுமா?

தம்பிக்கு என் பதில் இது. தளத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் தாராளமாகப் போடுவேன். காப்பகத்தை நம்பித் தலைப்பு எடுக்கலாமா என்றால், எடுக்காதே. உனக்குத் தேவைப்படும் ஆய்வேடுகளை முதலில் பதிவிறக்கு. முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடு இயல் ஒன்றில் குரல் வருகிறதா என்று பார். வராதவற்றுக்கு இன்றே கோரிக்கை அனுப்பு, இயல் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பு, முழு ஏட்டையும் கேட்டால் வரிசை நீளும். எழுதியவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் வேர்ட் கோப்பைக் கேள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் மனமுவந்து கொடுத்தார்கள். பாதியாவது கைக்கு வந்த பிறகு நெறியாளரிடம் போய்த் தலைப்பைப் பேசு.