"பம்ப் போச்சு சார்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைப் போட்டதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 2 வினாடி வருமே, டேங்கிலிருந்து இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளும் ஃபியூல் பம்ப்பின் "ஊம்ம்" சத்தம், அதுவும் முனகலாகத்தான் கேட்டது. ஒர்க்‌ஷாப்பில் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார்கள், 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருது சார், பம்ப்தான் போச்சு" என்றார்கள். கண்ணெதிரே மீட்டர் காட்டுகிறதே, நானும் சரி என்றேன்.

புது ஃபியூல் பம்ப் போட்டார்கள், வண்டி ஓடியது. எட்டே நாள்தான், மறுபடி அதே கதை. இந்தத் தடவை ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் எனக்கு உறைத்தது, வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பில் பம்ப்பைக் கழற்றவில்லை. முதலில் ஃபியூஸைப் பார்த்தார், அப்புறம் பம்ப் ரிலேவை (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) எடுத்துவிட்டு அதே மாதிரியான ஹார்ன் ரிலேவை மாட்டிப் பார்த்தார், மாற்றமில்லை. பிறகு கனெக்டர் மாட்டியபடியே இருக்க, பம்ப் ஓடும்போது பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்தார். பிளஸ் ஒயரில் 12 வோல்ட், சரி. எர்த் ஒயருக்கும் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் ஒயர்) பேட்டரி மைனஸுக்கும் இடையில் கிட்டத்தட்ட 4 வோல்ட்! அங்கே அரை வோல்ட் கூட வரக்கூடாது. அதாவது பம்ப்புக்குக் கிடைத்தது வெறும் 8 வோல்ட், அதை வைத்துக்கொண்டு அது எப்படி பிரஷர் கொடுக்கும்?

கார்பெட்டைத் தூக்கினால், பாடியில் எர்த் ஒயர் முடுக்கியிருந்த போல்ட்டைச் சுற்றி பச்சைப் பச்சையாகக் களிம்பு. சுரண்டி, பளபளவென்று தேய்த்து, திரும்ப முடுக்கினார். அவ்வளவுதான் வேலை. பம்ப் மாற்ற சீட்டைக் கழற்றி மாட்டியதில் அந்த ஒயர் கொஞ்சம் அசைந்து தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கும், அதனால்தான் எட்டு நாள் ஓடியது என்றார்.

முதல் இடத்தில் காட்டிய அந்த 12 வோல்ட் பொய்யில்லை, ஆனால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கனெக்டரைக் கழற்றிவிட்டால் கரண்ட் ஓடாது, ஓடாத வரை களிம்பேறிய இணைப்பும் 12 வோல்ட்தான் காட்டும். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் 0.8 ஓம் தடை கூட 4 வோல்ட்டை விழுங்குவது தெரியும். ஆகவே பம்ப் மாற்றச் சொன்னால், "மாட்டின நிலையில், ஓடும்போது எவ்வளவு வோல்ட், எர்த்தில் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதிலுக்கு முறைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டேங்க் பக்கத்தில் ஒயரை உரசிப் பொறி பார்க்கிற ஆளாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள்.

திரும்பப் போய்ப் பணத்தைக் கேட்டேன், எலக்ட்ரிகல் சாமான் ரிட்டர்ன் கிடையாதாம். என் பழைய பம்ப்பையாவது கொடுங்கள் என்றேன், அது அன்றைக்கே ஸ்கிராப்பில் போய்விட்டதாம்.