ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கம்: எனக்கு எது கைகொடுத்தது

எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் புரோட்டீன், வைட்டமின், முடி உதிர்தல் என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். தூக்கம் என்று வந்தால் மட்டும், "எடை குறைஞ்சா குறட்டை போயிடும்மா, நல்லா தூங்குவீங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். குறட்டை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த முதல் வருடத்தில் நான் விழித்துக் கிடந்த ராத்திரிகள் ஏராளம். சில வருடங்கள் ஆன பிறகு இப்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 'தூக்கம் வரல' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே வியாதி இல்லை. ஒன்று போய் இன்னொன்று வந்த தனித்தனித் தொந்தரவுகள் அவை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

தையல் வலியும் மல்லாந்தே படுக்க வேண்டிய கட்டாயமும் சில வாரங்களில் தானாகப் போய்விட்டன. அடுத்து வந்தது எதுக்களிப்பு. நான் செய்துகொண்ட ஸ்லீவ் என்ற எடை குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஒடுக்கமான குழாய் என்பதால் உள்ளே அழுத்தம் அதிகம், அமிலம் மேலே ஏறுவதும் சுலபம். படுத்த கொஞ்ச நேரத்தில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து, இருமலோடு எழுந்து உட்காருவேன். தலையணையை அடுக்கி வைத்துப் படுத்தால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தியது. உதவியது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்த மரக்கட்டைகள். அரை அடி உயரம் போதும். இடது பக்கமாகச் சாய்ந்து படுப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுவது, டாக்டர் எழுதிய அமில மாத்திரை, இவையும் சேர்ந்துதான் சரியானது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் உள்ளே போயாக வேண்டும், அதுவும் மடக்கு மடக்காக. பகலில் விட்டதை ராத்திரி ஈடுகட்டினால் பாத்ரூமுக்கு எழுந்தே விடிந்துவிடும். காலையிலேயே பாட்டிலோடு தொடங்கிவிடுவது நல்லது.

எனக்கு ஏற்கனவே தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை இருந்தது, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷின் போட்டுத்தான் படுப்பேன். எடை இறங்க இறங்க முகமும் ஒடுங்கி மாஸ்க் தளர்ந்தது. காற்று கசிந்து, வாய் உலர்ந்து முழிப்பு வரும். பழைய எடைக்கு வைத்த அழுத்தமும் இப்போது தேவைக்கு மேல். மாஸ்க்கை மாற்றி, அழுத்தத்தைக் குறைத்த அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. எடை குறைந்துவிட்டதே என்று மெஷினை நாமாக நிறுத்திவிடக் கூடாது. மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்து, அதைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என்னை மிகவும் படுத்தியது கால் குடைச்சல்தான். சாயங்காலம் தொடங்கும். படுத்ததும் கெண்டைக்கால் சதைக்குள் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி. எடை வேகமாக இறங்குவதால் வரும் பலவீனம் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு தூக்க மருத்துவர் மட்டும், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேட்டார். என் ரிப்போர்ட்டில் அது லேபின் 'நார்மல்' அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பார்களாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பு ஏறுவது கடினம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இன்னும் கடினம். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. மாத்திரை போதாமல் கடைசியில் டிரிப்ஸ் வழியாகவே ஏற்றினார்கள். அதன் பிறகு சில வாரங்களில் குடைச்சல் அடங்கியது. தூக்கம் வரட்டும் என்று சிலர் அவில் போடுவார்கள். அந்த வகைப் பழைய அலர்ஜி மாத்திரைகள் கால் குடைச்சலைக் கூட்டிவிடும், கவனம்.

இத்தனையும் சரியான பிறகும் தூக்கம் முழுசாக வரவில்லை. "வயிறு காஞ்சா எங்கம்மா தூக்கம் வரும்? உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார் அத்தை. அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ராத்திரி வயிறு நிறையத் தயிர் சாதம், உடனே படுக்கை என்று பல வருடம் பழகிய உடம்பு அது. அந்தப் பழக்கம் போன இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கவலைப்படும் பழக்கம் வந்துவிட்டது. இதற்கு உதவியது தூக்கமின்மைக்கான சிபிடி பயிற்சி, அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லேயே வழிகாட்டியிருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. ஆரம்ப வாரங்கள் கொடுமை, பகலெல்லாம் தலை கிறுகிறுக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். தாங்கிக்கொண்டால் பலன் நிற்கிறது. எனக்கு இன்றுவரை நின்றிருக்கிறது.

மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆல்ப்ரஸோலாம் மாதிரி பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே வேண்டாம். பழகிப்போகும் என்பதோடு, மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மதுவும் அப்படித்தான். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது, அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. ஸ்லீவுக்குப் பதில் இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு நடு ராத்திரியில் வியர்த்து, படபடத்து முழிப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறதா என்று அந்த நேரத்திலேயே குத்திப் பார்த்து, அளவை டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போதும் சில ராத்திரிகள் மோசமாகப் போகும். கொழுப்பு கரைந்த இடுப்பெலும்பு மெத்தையில் உறுத்தும், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணை வைத்துக்கொள்கிறேன். காபி மதியத்தோடு சரி. வருடாந்திரச் செக்கப்பில் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன்.